சல்லி, துட்டு, காணம்: கையைவிட்டுப் போன காசுகளும் நாவைவிட்டுப் போகாத சொற்களும்

ஆங்கிலேயர் தம் பழைய காசுகளை 1971 பிப்ரவரி 15-இல் கைவிட்டனர். பன்னிரண்டு பென்னி ஒரு ஷில்லிங், இருபது ஷில்லிங் ஒரு பவுண்டு என்றிருந்த கணக்கு அன்றோடு முடிந்து, நூறு பென்னி ஒரு பவுண்டு என்றாயிற்று. அவற்றுள் மிகச் சிறியதான ஃபார்த்திங் அதற்கும் முன்பே, 1960-இன் இறுதியில், செல்லாக்காசாகிவிட்டது. ஆயினும் அக்காசுகள் அந்த மொழியை விட்டு அகலவில்லை. ஆறு பென்னிக் காசைத் தலைப்பிலேயே ஏந்திய குழந்தைப் பாடலை இன்றும் மழலையர் பள்ளிகளில் பாடுகிறார்கள். லண்டன் தேவாலய மணிகள் பேசிக்கொள்வதாக அமைந்த இன்னொரு பாடலில் ஃபார்த்திங் கணக்கு வருகிறது. பென்னி, ஃபார்த்திங், ஷில்லிங் என்று குடும்பப் பெயர் பூண்டவர்கள் அந்நாட்டில் உண்டு. ஷில்லிங்குக்கு 'பாப்' என்றும் பவுண்டுக்குக் 'குவிட்' என்றும் கொச்சைப் பெயர்கள் உண்டு. காசு காட்சியகத்துக்குப் போய்விட்டது. சொல் மட்டும் தெருவில் உலவுகிறது.

இதே கணக்கெடுப்பைத் தமிழில் செய்து பார்த்தால் என்ன கிடைக்கும் என்ற கேள்வி நமக்கு நெடுநாளாக உண்டு. மதுரைக்கு மேற்கே, சமணர் மலையின் அடிவாரத்தில் உள்ள கீழக்குயில்குடியிலிருந்து இதனை எழுதுகிறோம். இம்மலையின் செட்டிப்புடவிலும் பேச்சிப்பள்ளத்திலும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட சமணச் சிற்பங்களும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் இருக்கின்றன. அவற்றைப் பார்க்கப் பலரும் வருகிறார்கள். மலையடிவாரத்துத் தேநீர்க் கடையில் அன்றாடம் புழங்கும் சொற்களிலும் அதே அளவு பழைமை உண்டு என்பதை எண்ணிப் பார்ப்பவர்கள் குறைவு. 'சல்லி', 'துட்டு', 'தம்பிடி' என்ற சொற்களை எவரும் கல்லில் வெட்டி வைக்கவில்லை. ஆயினும் அவை அழியாமல் நிற்கின்றன. அவற்றை இங்கே சற்று உரசிப் பார்ப்போம்.

கொம்பில் கட்டிய சல்லி

மதுரை வட்டாரத்திலிருந்து தொடங்குவதாயின் சல்லிக்கட்டிலிருந்தே தொடங்க வேண்டும். தை முதல் நாள் அவனியாபுரத்திலும், மறுநாள் பாலமேட்டிலும், மூன்றாம் நாள் அலங்காநல்லூரிலும் காளைகள் அவிழ்த்து விடப்படுகின்றன. 2014 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் தடை விதித்ததும், 2017 சனவரியில் சென்னை மெரினாவிலும் மதுரை தமுக்கத்திலும் இளைஞர் திரண்டதும், அதனைத் தொடர்ந்து சட்டத் திருத்தம் வந்ததும், 2023 மே மாதத்தில் அரசியல் சாசன அமர்வு அத்திருத்தத்தை ஏற்றதும் அண்மைக்கால வரலாறு. அவ்வழக்கு நெடுகிலும், செய்தித்தாள்களிலும், தொலைக்காட்சி விவாதங்களிலும் அந்தச் சொல் இலட்சக்கணக்கான முறை உச்சரிக்கப்பட்டது. அதற்குள் ஒரு செப்புக் காசு இருப்பதை எத்தனை பேர் நினைத்திருப்பர்?

சல்லி என்பது சிறு காசு. கட்டு என்பது கட்டிய முடிப்பு. காசுகளைத் துணியில் முடிந்து காளையின் கொம்பில் கட்டிவிடுவர்; அணைந்து அடக்கியவன் அதனை அவிழ்த்து எடுத்துக்கொள்வான். வடமொழி எழுத்திட்டு 'ஜல்லி' என்று எழுதத் தொடங்கியதும் காசு கண்ணுக்கு மறைந்து, சாலை போடும் கருங்கல் சல்லியே பலர் நினைவுக்கு வந்தது. அதுவும் இதுவும் உறவுதான். சிறு சிறு துண்டு என்ற பொருளே இரண்டுக்கும் அடிப்படை. சில்லு, சில்லறை ஆகிய சொற்களையும் அருகில் வைத்துப் பார்க்கலாம்.

இங்கு ஓர் இலக்கிய வேறுபாட்டைக் கருத வேண்டும். கலித்தொகையின் முல்லைக்கலியில் வருவது ஏறு தழுவுதல். அங்கே பரிசு காசன்று, ஆயர்மகளின் கை. ஏறு தழுவுதல் என்னும் பெயர் செயலைச் சொல்கிறது. சல்லிக்கட்டு என்னும் பெயரோ பரிசைச் சொல்கிறது. ஒரே விளையாட்டின் பெயர் செயலிலிருந்து பரிசுக்கு மாறியதற்குள், சிறு காசு சிற்றூர் வரை வந்து சேர்ந்த ஒரு பொருளாதார மாற்றம் ஒளிந்திருக்கிறது என்று கொள்ள இடமுண்டு. இன்று வாடிவாசலில் மோட்டார் சைக்கிளும் காரும் தங்கக் காசும் பரிசாகின்றன. பெயரில் மட்டும் சல்லியே நிலைத்துவிட்டது.

காசைத் துணியில் முடிந்து பரிசாக்கும் வழக்கம் மதுரைக்கு இன்னொரு வகையிலும் உரியது. தருமிக்குப் பொற்கிழி அளித்த திருவிளையாடலை அறியாதார் இலர். கிழி என்பது கிழித்த துணி. பொன்னை முடிந்து வைத்த துணியே பொற்கிழி. பாட்டுக்குக் கொடுத்தது பொற்கிழி, வீரத்துக்குக் கொடுத்தது சல்லிக்கட்டு. இரண்டுமே முடிப்புகள்தாம், உள்ளிருந்த உலோகம் வேறு. தென்னிந்தியப் புத்தக விற்பனையாளர் மற்றும் பதிப்பாளர் சங்கம் எழுத்தாளர்களுக்கு வழங்கும் விருதின் பெயரிலும் இன்று பொற்கிழி இருக்கிறது.

சல்லி கடல் கடந்தும் வாழ்கிறது. இலங்கையில் சிங்களவர் பணத்தைப் பொதுவாகச் 'சல்லி' என்றே சொல்கின்றனர். நம்மிடம் அற்பக் காசாகச் சுருங்கிய சொல், அங்கே பணம் முழுமைக்கும் பெயராக விரிந்துவிட்டது.

ஒரு காசின் பெயர் பணத்தின் பெயரான கதை

சல்லிக்கு இலங்கையில் நேர்ந்தது, தமிழில் வேறு பல காசுகளுக்கு நேர்ந்திருக்கிறது. இன்று பொதுவாகப் பணத்தைக் குறிக்க நாம் வழங்கும் சொற்கள் ஏறத்தாழ அனைத்தும் ஒரு காலத்தில் குறிப்பிட்ட ஒரு காசின் பெயராக இருந்தவையே.

'பணம்' என்பதையே எடுத்துக்கொள்வோம். அது ஒரு சிறு பொற்காசு. எடை ஏறத்தாழ மூன்றில் ஒரு கிராம். விரல் நுனியில் ஒட்டிக்கொள்ளும் அளவு. ஆங்கிலேயர் இதனையே 'ஃபனம்' என்று தம் கணக்கேடுகளில் எழுதினர். சென்னையில் கம்பெனியார் கணக்கில் 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு நட்சத்திர வராகன். பன்றி முத்திரை பெற்றிருந்ததால் வராகன் என்று பெயர். ஐரோப்பியர் அதனைப் 'பகோடா' என்றனர். இந்தியாவுக்கு வந்து விரைவில் செல்வம் சேர்ப்பதைப் பகோடா மரத்தை உலுக்குதல் என்று சொல்லும் ஒரு தொடரே ஆங்கிலத்தில் வழங்கியது. 1818-இல் சென்னை மாகாணம் ரூபாய்க்கு மாறியபோது 100 வராகனுக்கு 350 ரூபாய் என்று விகிதம் வகுத்தனர். அன்றோடு பணம் என்ற காசு அலுவல் கணக்கிலிருந்து விலகியது. ஆயினும் அதே சொல் எல்லாக் காசுக்கும் பொதுப் பெயராக எழுந்து நின்றது. 'பணக்காரன்' என்று நாம் சொல்லும்போதெல்லாம் அந்த மிளகளவுப் பொற்காசை நினைவுகூர்கிறோம்.

'காசு' என்பதன் வரலாறு இன்னும் நீளமானது. சங்க இலக்கியத்தில் அது பெரும்பாலும் நாணயமன்று. அணிகலனில் கோத்த மணி. கிளி தன் வளைந்த அலகில் வேப்பம்பழத்தைப் பற்றியிருக்கும் காட்சிக்கு, புதிய நூலில் பொற்காசைக் கோப்பவனின் கூரிய நகத்தை உவமை காட்டினார் அள்ளூர் நன்முல்லை. வேப்பம்பழத்துக்கு ஒப்பானது தட்டை நாணயமாக இருக்க இயலாது. உருண்டை மணியாகவே இருத்தல் வேண்டும். சோழர் கல்வெட்டுகளுக்கு வரும்போது காசு தெளிவாக நாணயமாகிவிடுகிறது. ஈழக்காசு, பழங்காசு, அன்றாடு நற்காசு என்று வகை வகையாக அங்கே காண்கிறோம். அன்றாடு நற்காசு என்பது அந்த நாளில் செல்லும் நல்ல காசு. செல்லும் காசுக்கும் செல்லாத காசுக்கும் இடையிலான அச்சம் அக்காலத்திலேயே இருந்தது என்பதற்கு இப்பெயரே சான்று.

இதே காசு போர்த்துக்கீசியர் வாயில் 'காஷா' ஆகி, ஆங்கிலத்தில் கீழ்த்திசை நாடுகளின் சிறு செப்புக்காசைக் குறிக்கும் 'கேஷ்' ஆயிற்று. ஆனால் வங்கியில் நாம் சொல்லும் 'கேஷ்' வேறு. பெட்டி என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது அது. இரண்டும் ஒலியால் ஒன்றாகிப் போனமையால், ஆங்கிலேயரின் ரொக்கமெல்லாம் நம் காசிலிருந்து பிறந்தது என்று மேடைகளில் முழங்குவோரைப் பார்க்கிறோம். பாதி உண்மைக்கு மட்டுமே உரிமை கொண்டாடுவது நல்லது. அந்தப் பாதியே போதிய பெருமைதான்.

'துட்டு' தமிழன்று, டச்சு. 'டாய்ட்' என்பது டச்சுக்காரரின் மிகச் சிறிய செப்புக்காசு. 1658-இல் போர்த்துக்கீசியரிடமிருந்து தூத்துக்குடியையும் நாகப்பட்டினத்தையும் டச்சுக் கம்பெனி கைப்பற்றியது. முத்துக்குளிக்கும் கரையில் புழங்கிய அந்தக் காசின் பெயர் உள்நாட்டுக்கு ஏறி நெல்லையிலும் மதுரையிலும் நிலைத்தது. அதே கம்பெனி ஆண்ட மலாய்த் தீவுகளில் அதே சொல் 'டூயிட்' ஆகி, இன்றும் மலாய் மொழியிலும் இந்தோனேசிய மொழியிலும் பணத்துக்குப் பொதுப் பெயராக வழங்குகிறது. ஷேக்ஸ்பியரின் 'தி டெம்பஸ்ட்' நாடகத்தில் பிச்சைக்காரனுக்கும் ஈய மனம் வராத அற்பக் காசாக இச்சொல் வருகிறது. ஆம்ஸ்டர்டாமின் ஒரு செப்புத் துண்டு லண்டன் நாடக மேடையிலும், ஜாவாச் சந்தையிலும், மதுரை மாட்டுத்தாவணியிலும் ஒரே வேளையில் பெயர் பதித்திருக்கிறது என்பது வியப்புக்குரியது. சென்னைப் பேச்சில் வழங்கும் 'டப்பு' தெலுங்கு நாட்டுச் செப்புக்காசின் வழியே வந்தது.

தமிழகத்துக்கு வெளியே சென்ற தமிழர் இதே வழியைப் பின்பற்றினர். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் டாலரையும் ரிங்கிட்டையும் 'வெள்ளி' என்கிறோம். அங்கே பழைய காசில் இருந்த வெள்ளி தீர்ந்து பல தலைமுறைகள் ஆயின. வானொலிச் செய்தியில் வெள்ளி தீரவில்லை.

செம்பு இகழ்ச்சிக்கு, பொன் புகழ்ச்சிக்கு

பேச்சு வழக்கில் எஞ்சிய காசுகளை வரிசைப்படுத்திப் பார்த்தபோது ஓர் ஒழுங்கு புலப்பட்டது. 'கையில் தம்பிடி இல்லை', 'சல்லிக்காசு தேறாது', 'காலணாவுக்குப் பெறாதவன்', 'அஞ்சு பைசாவுக்குப் பிரயோசனமில்லை'. இவை யாவும் எதிர்மறைத் தொடர்கள். தம்பிடி இருக்கிறது என்று சொல்வார் எவருமில்லை. இல்லை என்று சொல்லவே தம்பிடி வேண்டும். ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஓர் அணாவுக்கு 12 தம்பிடி. ஆக ஒரு ரூபாயில் 192-இல் ஒரு பங்கு தம்பிடி. அந்தக் காசு மறைந்து அறுபதாண்டுக்கு மேலாகியும், 'இல்லை' என்ற சொல்லின் கையைப் பிடித்துக்கொண்டு வாழ்கிறது.

பொற்காசுகளின் நிலை வேறு. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்கிறோம். ஆயிரம் வராகன் பெறும் என்கிறோம். பொன்னும் வராகனும் உயர்வுக்கும் மிகுதிக்கும் நின்றன. செம்பு இல்லாமைக்கும் இழிவுக்கும் நின்றது. இவ்விரு துருவங்களையும் ஒரே தொடரில் கட்டிய பழமொழி ஒன்றுண்டு: 'அரைக்காசுக்குப் போன மானம் ஆயிரம் பொன் கொடுத்தாலும் வராது.' பொருளியல் நூல்கள் விரித்துரைக்கும் செலாவணி ஏணியின் மேற்படியும் கீழ்ப்படியும் இதற்குள் இருக்கின்றன. நடுவில் இருப்பது மானம்.

இவற்றுள் 'ஓட்டைக் காலணா'வுக்குத் தனிக் கதை உண்டு. இரண்டாம் உலகப் போரில் செம்புக்குத் தட்டுப்பாடு வந்தபோது, 1943-இல், நடுவில் துளையிட்ட காலணாவை அரசு வெளியிட்டது. 1947 வரை அது அச்சானது. துளையிருந்தும் அது செல்லும் காசே. எனினும் ஓட்டை என்ற சொல்லே இழிவை ஏற்றியது. மதிப்பற்றவனைச் சுட்ட அது உவமையாகிவிட்டது. போர்க்கால உலோகச் சிக்கனம் ஒன்று தமிழில் வசைச் சொல்லாக எஞ்சிய விந்தை இது.

அரைக்காசு என்றவுடன் இவ்வொழுங்குக்கு ஒரு விலக்கைச் சொல்லியாக வேண்டும். புதுக்கோட்டைத் தொண்டைமான்கள் பிரகதாம்பாள் உருவம் பொறித்து வெளியிட்ட சிறு செப்புக்காசு அம்மன் காசு. அதன் மறுபக்கத்தில் தெலுங்கு எழுத்தில் 'விஜய' என்றிருக்கும். நவராத்திரியில் அரிசியோடு அக்காசையும் வழங்கினர். அதனால் திருக்கோகர்ணத்து அம்பிகைக்கே 'அரைக்காசு அம்மன்' என்று பெயராயிற்று. 1948-இல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது, காசு போயிற்று, காணாமற்போன பொருள் கிடைக்க அரைக்காசு அம்மனை வேண்டிக்கொள்ளும் வழக்கம் தமிழகமெங்கும் பரவிற்று. மிகச் சிறிய காசு ஒரு தெய்வத்தின் திருநாமம் ஆனது இங்கேதான்.

'செல்லாக்காசு' என்ற தொடருக்கு 2016 நவம்பர் 8 இரவு புதிய உயிர் வந்ததை நாம் அனைவரும் கண்டோம். 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாது என்ற அறிவிப்புக்குப் பின், அதுவரை உவமையாக மட்டும் இருந்த சொல் மறுநாள் காலை நேர்ப்பொருளில் திரும்பியது. செல்லாமையின் துன்பம் நம் பக்தி இலக்கிய மரபுக்கும் புதிதன்று. திருவீழிமிழலையில் பஞ்ச காலத்தில் அப்பருக்கும் சம்பந்தருக்கும் இறைவன் நாள்தோறும் படிக்காசு அளித்தான். சம்பந்தர் பெற்ற காசைக் கடையில் மாற்ற வட்டம் கேட்டனர். அடியார்க்கு உணவு தாமதமாயிற்று. அந்த வட்டத்துக்கு 'வாசி' என்று பெயர். வாசி நீங்கிய காசு தருமாறு அவர் பதிகம் பாடினார். இறைவன் கொடுத்த காசானாலும் கடைக்காரன் உரசித்தான் பார்ப்பான் என்ற உலகியலை நம் முன்னோர் மறைக்கவில்லை.

பெயரில் ஒட்டிய காசு

தமிழர்க்கு மேலைநாட்டு முறையில் குடும்பப் பெயர் இல்லை. ஆகவே பென்னி, ஃபார்த்திங் போன்ற பெயர்களை இங்கே தேடினால் கிடைக்காது என்று தோன்றும். குஜராத்தியரிடையே நாணாவதி என்றும், பாரேக் என்றும், ஷ்ராஃப் என்றும் காசு மாற்றுவோர், காசு சோதிப்போர் தொழிலிலிருந்து பிறந்த குடும்பப் பெயர்கள் இருக்கின்றன. நம்மிடம் அத்தகைய பெயர் உண்டா?

உண்டு, அதுவும் இரண்டாயிரம் ஆண்டுப் பழைமையோடு உண்டு. வடம வண்ணக்கன் தாமோதரனார், வடம வண்ணக்கன் பேரி சாத்தனார், விற்றூற்று வண்ணக்கன் தத்தனார், புதுக்கயத்து வண்ணக்கன் கம்பூர் கிழான் என்று சங்கப் புலவர் பெயர்கள் வருகின்றன. வகுப்பில் மாணவரிடம் 'வண்ணக்கன் யார்?' என்று கேட்டால், வண்ணம் தீட்டுபவன் என்ற விடையே பெரும்பாலும் வரும். ஓவியன் அல்லன், நாணயத்தின் தரத்தைச் சோதிப்பவனே வண்ணக்கன். பகலில் காசை உரசி மாற்றுப் பார்த்தவர் அகப்பாட்டும் புறப்பாட்டும் இயற்றினார் என்ற செய்தி, அச்சொல்லின் பொருள் தெரியாதவர்க்குக் கிடைப்பதில்லை. சொல்லொன்று இருண்டால் அதன் பின்னே நின்ற மனிதரும் இருண்டு போகிறார் என்பதற்கு இதனைவிட வேறு சான்று வேண்டா. மதுரைப் பொன்செய் கொல்லன் வெண்ணாகனார் என்றொரு புலவரும் இருந்தார். அழகர்மலைக் குகைத்தளத்தின் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு மதுரைப் பொற்கொல்லன் ஒருவனைக் குறிக்கிறது; புகளூரில் கருவூர்ப் பொன்வாணிகன் ஒருவன் பெயர் இருக்கிறது.

இடப்பெயர்களையும் காண்போம். கொற்கைக்கு அருகே அக்கசாலை என்றோர் ஊர் உண்டு. அக்கசாலை என்றால் காசு அடிக்கும் சாலை. முத்துத் துறைமுகமும் மீன் முத்திரைக் காசும் போன பின்னும் ஊர்ப்பெயர் நிற்கிறது. சென்னையின் தங்கசாலைத் தெருவை அனைவரும் அறிவர். பெயரில் தங்கம் இருப்பதாகத் தோன்றினும் அதன் மூலம் டங்கசாலை. டங்கம் என்பது காசு. வங்காள தேசத்தின் 'டாக்கா' நாணயமும் அதன் உறவே. காசு சாலை நம் செவியில் தங்கச் சாலையாக மாறிற்று.

இவ்வாறு ஒலி மயக்கும் பெயர்களுள் மதுரை மண்ணுக்கு மிக நெருக்கமானது ஒன்றுண்டு. 1895-இல் முல்லைப் பெரியாறு அணையை முடித்து இச்சமவெளிக்கு நீர் தந்த பொறியாளர் ஜான் பென்னிகுயிக். தேனிப் பக்கத்தில் பிள்ளைகளுக்கு அவர் பெயரைச் சூட்டுகின்றனர். பெயரின் முற்பகுதியில் பென்னிக் காசு இருப்பதாக நினைப்பது இயல்பு. ஆனால் அது ஸ்காட்லாந்தில் உள்ள பெனிகுயிக் என்ற ஊரின் பெயரிலிருந்து வந்தது. பழைய பிரித்தானிய மொழியில் அதற்குக் குயில் குன்று என்று பொருள் சொல்கின்றனர். குன்றின் அடியில் குயிலின் பெயர் தாங்கிய ஊரில் இருந்துகொண்டு இதனை எழுதும் நமக்கு, காசைத் தேடிப்போய்க் குயிலைக் கண்டடைந்தது ஒரு மகிழ்ச்சி.

பிள்ளைகளின் காசு

நம் குழந்தைப் பாடல்களில் ஆங்கிலப் பாடல்களைப் போலக் காசின் பெயர் வெளிப்படையாக அதிகம் வருவதில்லை. தாலாட்டில் மாமன் தரும் பொன்னும் காசுமாலையும் உண்டு. காசு உண்மையாக ஆட்சி செய்தது பிள்ளைகளின் விளையாட்டிலும் விடுகதையிலும்.

ஆட்டம் தொடங்குமுன் காசைச் சுண்டி 'பூவா தலையா' என்கிறோம். தலை எளிது; அரசன் தலை. பூ எங்கிருந்து வந்தது? 1835-இல் கம்பெனி வெளியிட்ட பொது ரூபாயின் ஒரு பக்கம் நான்காம் வில்லியமின் தலை. மறு பக்கம் இலைவளையத்துக்குள் மதிப்பு. அதன்பின் வந்த காசுகளிலும் கொடியும் மலருமாக அலங்காரம் தொடர்ந்தது. நம் பிள்ளைகள் கண்டது பூ, சொன்னதும் பூ. இன்றைய காசில் ஒரு பக்கம் அசோகத் தூணின் சிங்கங்கள். மன்னன் தலையுமில்லை, பழைய மலர் வளையமுமில்லை. கிரிக்கெட் ஆடும் சிறுவன் இன்றும் பூ கேட்கிறான். 1969-இல் பாலசந்தர் தம் திரைப்படத்துக்கு அதையே பெயராக இட்டார்.

விடுகதைக்கு ஒரு சான்று: அம்மாவின் சேலையை மடிக்க முடியாது, அப்பாவின் காசை எண்ண முடியாது. விடை, வானமும் விண்மீன்களும். காசை எண்ணிப் பழகிய பிள்ளைக்கே இவ்விடுகதையின் வியப்பு முழுமையாகப் புரியும்.

எண்ணுதல் என்று வந்துவிட்டதால், இக்கட்டுரையில் நாம் மிகவும் வருந்தும் இழப்பை இங்கே சொல்ல வேண்டும். 1957 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் ரூபாய்க்கு நூறு நயா பைசா. 1964 சூன் 1-இல் 'நயா' என்ற அடை நீங்கிப் பைசா ஆயிற்று. நாட்டின் கணக்குக்கு இது பெரும் எளிமை. ஆனால் பதினாறு அணா ரூபாயோடு தமிழின் கீழ்வாய் இலக்கம் கைகோத்து நடந்ததை மறக்கலாகாது. எட்டணா அரை, நாலணா கால், இரண்டணா அரைக்கால், ஓரணா வீசம், அல்லது மாகாணி. மா என்பது இருபதில் ஒன்று, காணி என்பது எண்பதில் ஒன்று. இரண்டையும் கூட்டினால் எண்பதில் ஐந்து, அதாவது பதினாறில் ஒன்று. ஆகவேதான் மா காணி என்ற பெயர். மூன்றணா மும்மாகாணி. திண்ணைப் பள்ளியில் எண்சுவடி ஒப்பித்த பிள்ளை கடைத்தெருவில் அதனையே கையில் பிடித்துப் பார்த்தது. பாடமும் காசும் ஒன்றாக இருந்தன. காசு மாறியதும் பாடம் பிடிப்பிழந்தது. கால், அரை, முக்கால் என்ற மூன்று மட்டும் தப்பின, அரைக்கால் தள்ளாடுகிறது, வீசமும் மாகாணியும் அகராதிக்குப் போயின. 25 பைசாவும் அதற்குக் குறைந்தவையும் 2011 சூன் 30-ஓடு செல்லாதனவாயின; 'நாலணா' என்று வழங்கிய கடைசிக் காசும் அன்றோடு போயிற்று.

சில சொற்கள் மாறுவேடம் பூண்டு தப்பியிருக்கின்றன. பதிற்றுப்பத்தின் பதிகங்கள் புலவர் பெற்ற பரிசைக் காணத்தில் கணக்கிடுகின்றன. கபிலர் பெற்றது நூறாயிரம் காணம். அந்தப் பொன் காணம் போய்விட்டது. ஆனால் தென்மாவட்டச் சமையலறையில் கொள்ளுக்கு இன்றும் காணம் என்றே பெயர். குன்றிமணியைப் போலவே விதையின் பெயர் எடைக்கும், எடையின் பெயர் காசுக்கும் சென்ற பழைய வழி இது. மாணவர் பதிகத்தைப் படித்துவிட்டு, கபிலருக்கு ஒரு இலட்சம் கொள்ளா என்று சிரிக்கின்றனர். சிரிப்பு நியாயமே, சிரித்த பின் எடையும் விலையும் விதையில் தொடங்கிய வரலாற்றைச் சொல்ல அதுவே நல்ல வாயில்.

யாப்பிலக்கணத்திலும் ஒரு காசு இருக்கிறது. வெண்பாவின் ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் வாய்பாடுகளில் ஒன்றால் முடிய வேண்டும். எந்த அரசு ஆணையாலும் செல்லாதாக்க இயலாத காசு அது ஒன்றே.

நாணயம் என்ற சொல்

காசு கையிலிருந்து போனாலும் சடங்கிலிருந்து எளிதில் போவதில்லை. நேர்ந்துகொண்டு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைக்கிறோம். இறந்தோர் நெற்றியில் ஒரு ரூபாய்க் காசை வைக்கிறோம். மொய் எழுதும்போது நூறோடு ஒன்றைச் சேர்க்கிறோம். சிவகங்கை மாவட்டம் கொல்லங்குடியில் வெட்டுடையார் காளியம்மன் கோயிலில், வஞ்சிக்கப்பட்டவர்கள் நீதி வேண்டிக் காசை வெட்டிப் போடுகின்றனர். பொய் சொன்னவனோடு இனி உறவில்லை என்பதற்கும், தெய்வமே கணக்குத் தீர்க்கட்டும் என்பதற்கும் அதுவே உறுதிமொழி. ஏன் காசை வெட்ட வேண்டும்? காசு என்பது ஒருவர் மற்றவர்மீது வைத்த நம்பிக்கை. அது முறிந்ததைக் காட்ட அதனையே முறிக்கின்றனர் என்று நாம் புரிந்துகொள்கிறோம்.

இந்த எண்ணத்தை நம் மொழி ஒரு சொல்லில் வைத்திருக்கிறது. 'நாணயம்' என்றால் காசு; நாணயம் என்றால் நேர்மையும். வடமொழியின் 'நாணக' என்பதிலிருந்து வந்ததாயினும், அறப்பொருளைத் தமிழ் வழக்கு இவ்வளவு உறுதியாக அதனோடு சேர்த்துவிட்டது. 'அவர் நாணயமானவர்' என்றால் அவரிடம் பணம் இருக்கிறது என்று பொருளன்று. அவர் சொல் செல்லும் என்று பொருள். வண்ணக்கன் உரசிப் பார்த்தது பொன்னின் மாற்றை. ஊர் உரசிப் பார்ப்பது மனிதரின் மாற்றை.

இன்று கீழக்குயில்குடித் தேநீர்க் கடையிலும் கட்டமிட்ட ஓர் அட்டை தொங்குகிறது. 2016-இல் வந்த யு.பி.ஐ. முறையால் கைபேசியைக் காட்டிப் பணம் செலுத்துகிறோம். காசைத் தொடாமலேயே ஒரு தலைமுறை வளரக்கூடும். அதனால் சல்லியும் துட்டும் அழிந்துவிடுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. காசு போன பின்னும் சொல் வாழும் என்பதற்கு இதுவரை கண்டவை அனைத்தும் சான்று. அஞ்ச வேண்டியது வேறொன்றை. சொல் இருக்கும், பொருள் போய்விடும். வண்ணக்கன் ஓவியனாகவும், சல்லி கருங்கல்லாகவும், காணம் கொள்ளாகவும் மட்டுமே எஞ்சும். அப்போது நம் பழைய நூல்கள் நம்மிடமே வாசி கேட்கும்.

அதற்கு மாற்று நம் வீடுகளிலேயே இருக்கிறது. எழுபது எண்பது வயதைக் கடந்தவர்களுள் அணாக் கணக்கைக் கையால் எண்ணியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களிடம் அரைக்காலும் வீசமும் எத்தனை அணா என்று கேட்டு, உங்கள் ஊரில் காசுக்கு வழங்கிய பெயர்களையும் சேர்த்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஊருக்கு ஒருவர் செய்தாலும் போதும்.